ஆடி மாதத்துத் தரை

சுந்தரம்மாள் வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கைகளை ஊன்றிக்கொண்டு நின்றார். கதவு திறந்திருந்தது. உள்ளே புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கூடம் தெரிந்தது. ஆனால் அவர் நகர்வதாக இல்லை.

"நேத்து பொழுது சாயற வரைக்கும் பாத்துக்கினு இருந்தேன் தம்பி. இன்னிக்கு ஆடி ஒண்ணு. இனிமே ஒரு மாசத்துக்கு இந்த வூட்ல பால் காய்ச்ச முடியாது."

குணசீலன் காரின் கதவில் கை வைத்தபடியே நின்றான். குருகிராமிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தவனைக் கடைசிப் பத்தடியில் வீட்டுக்காரப் பெண்மணி நிறுத்திவிட்டார்.

"வழியில ஒரு நாள் லேட்டாய்டுச்சுங்கம்மா."

"அந்த ஒரு நாள்தான தம்பி கணக்கு. டெல்லிப் பக்கம் இருந்து வர்றவங்க, உங்களுக்குத் தெரியாது."

"தெரியுங்க. நான் போளூருதான். இவ கண்ணமங்கலம்."

"போளூர்க்காரன்தான் ஆடியில குடி வர்றியா?"

அவன் மனைவி ஷோபனாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஐந்து நாள் காரில் உட்கார்ந்து வந்த உடம்பில் சிரிக்கவும் தெம்பில்லை. அவள் பின்கதவைத் திறந்ததுதான் தாமதம், ரொட்டி குதித்து இறங்கியது. பழுப்பும் வெள்ளையுமான தெருநாய். குருகிராமில் அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் சப்பாத்தித் துண்டு தின்று வளர்ந்தது. மூன்று வருடமாக அவர்கள் வீட்டில் இருக்கிறது. வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு, சுந்தரம்மாளின் சேலைக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைந்து, நேராகக் கூடத்தின் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது.

"ரொட்டி! ஆஜா! ஆஜா இதர்!" என்று ஷோபனா பதறினாள்.

"நாய்கிட்ட இன்னா பேசற?"

"இந்திங்கம்மா. அதுக்குத் தமிழ் தெரியாது."

சுந்தரம்மாள் திரும்பி நாயைப் பார்த்தார். நாயும் அவரைப் பார்த்தது. "போவட்டும் வுடு. நாய் குடி போனா தோஷமில்ல. மனுசங்கதான் போவக் கூடாது," என்றார். பிறகு வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த தகரக் கூரைக் கட்டடத்தைக் காட்டினார். "அது குடோன். வூட்டுக் கணக்குல வராது. புளி எல்லாம் போன மாசமே அனுப்பியாச்சு, சாமை அறுக்கறதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்குது. அங்க இருங்க. ஆவணி பொறந்ததும் நல்ல நாள் பாத்து வூட்டுக்குள்ள வரலாம்."

அப்படியாக, நாய் வீட்டிலும் மனிதர்கள் குடோனிலும் குடியேறினார்கள்.

நான்கு நாளில் வந்துசேர்ந்து ஆனி கடைசியன்று மாலையே பால் காய்ச்சிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினார்கள். நாயைத் தனியாக ரயிலில் அனுப்ப ஷோபனா ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் கார். ஜான்சி வரைக்கும் ரொட்டி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் வாந்தி. நாக்பூரில் நாயோடு தங்க இடம் கிடைக்க நான்கு விடுதி ஏறி இறங்கினார்கள். மூன்றாம் நாள் அடிலாபாத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது, பக்கத்தில் ஒரு லாரியின் டயர் வெடித்தது. ரொட்டி கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு சாலையோர முட்புதருக்குள் ஓடிவிட்டது. காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். குணசீலனுக்கு வெயிலில் மூச்சு வாங்கியது. ஷோபனா அவனைக் கடை பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கேதான், குருகிராமிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொன்னாள்.

"ஸ்கூல்ல நான் வேலைய வுடலங்க. ஒரு மாசம் லீவுதான் போட்டிருக்கேன்."

அவன் டீயைக் குடித்து முடித்தான். "ஆகஸ்ட் பாதி வரைக்குமா?"

"ம். பாக்கறேன். ஒத்துவரலன்னா ரொட்டியக் கூட்டிக்கினு திரும்பிப் போய்டுவேன்."

"மொதல்ல ரொட்டி கெடைக்கட்டும்," என்றான் குணசீலன்.

ஐந்து மணிக்கு ரொட்டி தானாகவே வந்தது. யாருடையதோ பழைய செருப்பு ஒன்று அதன் வாயில் இருந்தது.

வேலையை விடாமல் லீவு மட்டும் ஏன் போட்டாள் என்று குணசீலன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. குணசீலன் குளிர்பதன மெக்கானிக். குருகிராமில் ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடியில் இருந்த ஐஸ் சறுக்கு அரங்கின் குளிரூட்டும் இயந்திரங்கள் எட்டு வருடம் அவன் பொறுப்பில் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் கொண்டுபோன ஷோபனா, அப்போதுதான் புதிதாக நீர் விட்டு உறையவைத்த தரையைப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. வாடகைக் காலணியைப் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி ஒரு சுற்று வந்தாள். அடுத்த ஞாயிறு கம்பியை விட்டாள். ஆறு வருடத்தில் பின்னோக்கிச் சறுக்கவும், ஒற்றைக் காலில் வளையவும், மூன்று சுற்று சுழலவும் கற்றுக்கொண்டாள். போட்டிக்கெல்லாம் போனதில்லை. அங்கே காலையில் வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். வங்கி அதிகாரி, பல் டாக்டர், கல்லூரிப் பெண்கள். கல்யாண வீடு, பக்கத்து ஃப்ளாட், ஊரிலிருந்து வரும் போன் எல்லாமே ஏதோ ஒரு இடத்தில் 'இன்னும் ஒண்ணும் இல்லையா?' என்ற கேள்வியில் வந்து நிற்கும். ஐஸ் தரையில் மட்டும் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. இப்போது என்ன கற்றுக்கொண்டிருக்கிறாய் என்றுதான் கேட்டார்கள்.

ஆனால் ஒவ்வொரு கார்த்திகைக்கும் குணசீலனின் மூச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. புகைமூட்டம் இறங்கினால் அவனால் மெட்ரோ நிலையத்தின் படி ஏற முடியாது. போன குளிர்காலத்தில் பதினொரு நாள் மருத்துவமனையில் படுத்திருந்தான். டாக்டர், மருந்தை மாற்றுவதைவிட ஊரை மாற்றுங்கள் என்றார். ஜவ்வாது மலையில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை இருப்பதாகத் தெரிந்தபோது ஷோபனாதான் 'எடுத்துக்கோங்க' என்றாள். அப்படிச் சொன்னது பொய்யில்லை. அதற்குப் பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் பொய்யில்லை.

குடோன் நாற்பதுக்கு அறுபது அடி இருக்கும். நடுவில் தூண் கிடையாது. ஒரு மூலையில் கட்டிலையும் அடுப்பையும் போட்டு, சேலையைத் திரைபோலக் கட்டினாள். மீதி எல்லாம் வெறும் தரை. மூட்டையை இழுத்துப் போக வசதியாக இருக்கட்டும் என்று சுந்தரம்மாள் சிமெண்டை வழவழவெனத் தேய்க்க வைத்திருந்தார். முதல் நாள், பார்சல் லாரியில் வந்த சாமான் பெட்டிகளைத் தள்ளும்போதே ஷோபனாவின் பாதத்துக்கு அது தெரிந்துவிட்டது. தெரியாதது போல இருந்தாள்.

ஆடிக்காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. காலையில் மலை முழுக்க மூட்டம், பத்து மணிக்கு விலகும். குணசீலன் ஏழு மணிக்கு வேலைக்குப் போவான். ரொட்டி வீட்டுத் திண்ணையில் இருந்து சோம்பல் முறித்துக்கொண்டு இறங்கி, இவர்களைப் பார்க்க விருந்தாளி மாதிரி வரும். சாப்பிட்டுவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

"வூட்டுக்காரர் வந்துட்டாரு, எலையப் போடு," என்பார் சுந்தரம்மாள். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் போன பிறகு மலையில் விளையும் சாமையும் புளியும் வாங்கிப் போளூருக்கு அனுப்பும் வியாபாரத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் எதையாவது சாக்கு வைத்துக் குடோனுக்குள் எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் பிரிக்காமல் கிடந்த பையைத் தானே பிரித்து, ஷோபனாவின் காலணிகளை வெளியே எடுத்தார்.

"இது இன்னாடி இது? அருவாமனையக் கால்ல கட்டிக்குவியா?"

"ஐஸ் மேல சறுக்கறதுங்கம்மா."

"ஐஸுன்னா, மீன் பொட்டியில போடறாங்களே, அதுவா?"

"அதேதான். பெரிய ரூம் முழுக்க அத ஒரே தரையாப் போட்டிருப்பாங்க."

"வுழுந்துட்டா?"

"மொதல்ல வுழறதுக்குத்தான் சொல்லிக் குடுப்பாங்க."

சுந்தரம்மாள் நம்பவில்லை. ஷோபனா தன் போனில் இருந்த ஒரு நிமிடக் காட்சியைப் போட்டுக் காட்டினாள். குணசீலன் எடுத்தது, கை ஆடியிருந்தது. நீலச் சுடிதாரில் ஒரு பெண் பின்னோக்கி வளைந்து வந்து, கைகளை மார்போடு சேர்த்துச் சுழன்று, தடுமாறி நின்று, காமிராவைப் பார்த்துச் சிரித்தாள். சுந்தரம்மாள் அதை மூன்று முறை பார்த்தார்.

"இங்க ஏது ஐஸு? இன்னா பண்ணப் போற?"

"ஆகஸ்ட்ல திரும்பிப் போய்டலாமான்னு பாக்கறேன்," என்று ஷோபனா சொல்லிவிட்டாள். சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாததை அறிமுகமாகிப் பத்து நாள் ஆனவரிடம் சொல்வது எளிதாக இருந்தது.

"ஆடிக்கு ஆம்படையான வுட்டுப் பிரிஞ்சி போறது புதுப் பொண்ணுங்க. உனுக்கு இருவது வருசம் லேட்டு," என்றார் சுந்தரம்மாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அவுருக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல."

"அப்ப கஷ்டந்தான்," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அந்த வாரக் கடைசியில் குணசீலன் போளூரிலிருந்து ஒரு பார்சல் எடுத்துவந்து கட்டிலின் ஓரத்தில் வைத்தான். வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். உள்ளே இரண்டு உலோகச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் வரிசையாக மூன்று சக்கரம், முன்னால் ஒரு ரப்பர்க் கட்டை. ஐஸ் இல்லாத ஊர்களில் இதைத்தான் மாட்டிச் சுழல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"இத மாட்டணும்னா பிளேடக் கழட்டணும்," என்றாள்.

"ஆமா. அதே ஷூ, அதே ஓட்டைதான். நான் அளவு பாத்துதான் வாங்கினேன்."

"கழட்டினா நான் இங்கயே இருக்கப் போறேன்னு ஆய்டும்."

"அப்படி ஒண்ணும் ஆவாது. மறுபடி மாட்டிக்கலாம்."

"ஆவுங்க. உங்களுக்கு அது ஸ்க்ரூ. எனக்கு அப்படி இல்ல."

அவன் துண்டால் கையை மெதுவாகத் துடைத்தான். "சரி. கழட்ட வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றான். கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு சண்டை போட்டிருந்தால் காரணம் கிடைத்திருக்கும்.

அடுத்த நாட்களில் அவன் இல்லாத நேரம் அவள் காலுறையோடு தரையில் வழுக்கிப் பார்த்தாள். இரண்டடி போகும், நின்றுவிடும். ஐஸில் ஒரு தள்ளு தள்ளினால் உடம்பு தன்னைத் தானே எடுத்துக்கொண்டு போகும். இங்கே ஒவ்வொரு அடியையும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பையிலிருந்து காலணியை எடுத்து பிளேடின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். லீவு முடிய பன்னிரண்டு நாள் இருந்தது.

ஆடி இருபதுக்கு மேல் ஒரு நாள், சாயங்காலம் நான்கு மணி. குடோன் வாசலில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேட்டுப் பாதையில் ஒரே சத்தம். ரொட்டி முன்னால் ஓடிவந்தது. வாயில் அரை லிட்டர் பால் பாக்கெட். பின்னால் குணசீலன், "சோட்! சோட் தே! அரே சோட்!" என்று இந்தியில் விடச்சொல்லிக் கத்திக்கொண்டு மேட்டில் ஏறி ஓடிவந்தான். நாய் பலாமரத்தைச் சுற்றியது, அவனும் சுற்றினான். நாய் மறுபடி மேட்டின் உச்சிக்கு ஓடியது, அவனும் ஓடினான். அங்கே பாக்கெட் கிழிந்து பால் இரண்டு பேர் மேலும் தெறித்தது. அவன் முழங்காலில் கையை ஊன்றிச் சிரித்தான். ஷோபனா காத்திருந்தாள். சிரிப்புக்குப் பின்னால் இருமல் வரும், இருமலுக்குப் பின்னால் அந்த விசில் சத்தம் வரும், சட்டைப்பையில் கைவிட்டு மருந்துக் குழலைத் தேடுவான். ஆறு வருடமாக அந்த வரிசை மாறியதில்லை. அவன் சிரித்து முடித்தான். நிமிர்ந்தான். சட்டையில் இருந்த பாலைத் துடைத்துக்கொண்டே நாயிடம் ஏதோ திட்டினான். அவ்வளவுதான்.

அவள் மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். சக்கரங்கள் இருந்த பெட்டியையும் அவனுடைய ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துவந்து, காலணிகளை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

அவன் பால் வாசத்தோடு வந்து நின்றான். அவள் மடியைப் பார்த்தான்.

"எனக்காக ஒண்ணும் வேணாம் ஷோபா."

"உங்களுக்காக இல்லன்னு சொன்னா பொய். உங்களுக்காக மட்டுந்தான்னு சொன்னாலும் பொய். எனக்குச் சறுக்கணும். இருவது நாளா கால் சும்மா இருக்க மாட்டேங்குது." ஸ்க்ரூடிரைவரை அவனிடம் நீட்டினாள். "நீங்களே கழட்டுங்க. நான் பாக்கல."

பார்த்தாள். எல்லா ஸ்க்ரூவும் வந்துவிட்டது; வலது குதிகாலில் ஒன்று மட்டும் துருப்பிடித்து அசையவில்லை. சுந்தரம்மாள் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, கூப்பிடாமலே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தார்கள். தளர்ந்துபோன ஓட்டைகளில் குணசீலன் தீக்குச்சியைப் பசையில் தோய்த்துச் செருகி, அதன் மேல் சக்கரச் சட்டத்தை முடுக்கினான். பிளேடுகளை எண்ணெய்த் துணியில் சுற்றினான்.

"எங்க வெக்கட்டும்?"

"கண்ணுக்கு எதிர்ல வேணாம். தூக்கியும் போட்டுடாதீங்க."

மறுநாள் காலை விழுந்தாள். அதற்கடுத்த நாளும் விழுந்தாள். ஐஸ் உடம்பை வழுக்கி விடும்; சிமெண்ட் வாங்கி வைத்துக்கொள்ளும். முழங்கால் ரத்தம் கட்டியது. சக்கரம் திரும்பும் இடத்தில் பிளேடு திரும்பாது, பிளேடு பிடிக்கும் இடத்தில் சக்கரம் பிடிக்காது. ஆறு வருடம் கற்ற கால் இரண்டு நாளில் ஒன்றும் தெரியாததாகிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு வட்டம் முழுதாக வந்தது. வந்துவிட்டு, ஐஸில் செய்வது போலத் திரும்பித் தரையைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஐஸில் பிளேடு போன வழி வெள்ளைக் கோடாக நிற்கும். வட்டம் சரியா கோணலா என்று ஆசிரியர் வரும் முன்பே கோடு சொல்லிவிடும். இங்கே அவள் வந்துபோனதற்குச் சாட்சியே இல்லை. அன்றைக்கு அவளுக்கு முழங்காலைவிட அதுதான் வலித்தது.

பள்ளிக்கு எழுத வேண்டிய ராஜினாமாக் கடிதம் எழுதப்படாமலே இருந்தது.

ஆடி கடைசியில் ஒரு நாள் இரவெல்லாம் பலத்த காற்று. காலையில் எழுந்து பார்த்தபோது, கூரைச் சட்டங்களில் வருடக்கணக்கில் படிந்திருந்த சாமை உமித் தூசி தரை முழுக்க மெல்லிய போர்வையாக இறங்கியிருந்தது. விளக்குமாற்றை எடுத்தவள் அப்படியே நின்றாள். காலணியை மாட்டினாள். மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். வலது காலில் ஒரு வட்டம், நடுவில் காலை மாற்றி இடது காலில் ஒரு வட்டம். நின்று திரும்பினாள். பழுப்புத் தூசியில் எட்டு வடிவில் மெல்லிய கோடு. இரண்டாவது வட்டம் முட்டை மாதிரி சப்பையாக இருந்தது. இடது இடுப்பைச் சரியவிட்டுவிடுகிறாள். குருகிராமிலும் அதே தப்புதான். அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

"பொழுது விடிஞ்சி இவ்ளோ நேரமாச்சு, பெருக்காம இன்னா பண்ற?" என்று கேட்டுக்கொண்டே வந்த சுந்தரம்மாள் வாசலில் நின்றார். தரையைப் பார்த்தார். "குனியாம நிமிராம காலாலயே கோலமா! எனக்கு முட்டி வலின்னு தெரிஞ்சிருந்தும் இத இத்தினி நாள் சொல்லாம வெச்சிருந்தியே," என்றார். பிறகு, "அந்தப் பக்கம் சப்பயா இருக்குது பாரு," என்றார்.

"தெரியுதுங்கம்மா. மறுபடி போடறேன்."

அன்று மதியம் சிக்னல் கிடைக்கும் வளைவு வரைக்கும் நடந்துபோய்ப் பள்ளிக்குக் கடிதத்தை அனுப்பினாள். ரொட்டியும் கூட வந்தது. இரண்டே வரிதான் எழுதியிருந்தாள். திரும்பி வந்து குணசீலனிடம் சொன்னபோது அவன் பிசைந்துகொண்டிருந்த சோற்றை விட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு, "இந்த மோர் கொஞ்சம் ஊத்து," என்றான்.

ஆவணி பிறந்து நல்ல நாளில் பால் காய்ச்சினார்கள். ஒரு மாதமாகத் தனியாக ஆண்ட வீட்டுக்குள் கட்டிலும் பீரோவும் வருவதை ரொட்டி வாசலில் நின்று குரைத்துக் கண்டித்தது. வீடு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் தினமும் காலையில் ஷோபனா குடோனுக்குப் போய்விடுவாள். தூசி தீர்ந்துபோனபோது சுந்தரம்மாள் அரிசி மில்லிலிருந்து ஒரு சாக்கு தவிடு வாங்கிப் போட்டார். இடது வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. சாமை வந்தால் குடோன் என்ன ஆகும் என்பதை மட்டும் இரண்டு பெண்களுமே பேசவில்லை. மலைச்சரிவுகளில் சாமை பழுத்துத் தலைசாய்ந்துகொண்டிருந்தது.

ஆவணி முடிய இரண்டு நாள் இருக்கும்போது முதல் லாரி வந்தது. ஷோபனா சீக்கிரமே எழுந்து, தரையைச் சுத்தமாகப் பெருக்கி, மூலையில் இருந்த தன் காலணிகளை எடுத்துப் பையில் போட்டாள். இது வருமென்று தெரிந்துதான் கடிதம் அனுப்பினாள். அதனால் வருத்தப்பட உரிமை இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஷூவ ஏன் எடுக்கற?" என்றார் சுந்தரம்மாள்.

"மூட்ட வந்துடுச்சு இல்லைங்களா?"

"மூட்டைக்கு எவ்ளோ எடம் வேணும்னு எனக்குத் தெரியும். உனுக்கு எவ்ளோ வேணும்? அதச் சொல்லு."

ஷோபனா காலியாகக் கிடந்த தரையைக் கண்ணால் அளந்தாள். இவ்வளவு இடம் வேண்டும் என்று இதுவரை அவள் யாரிடமும் கேட்டதில்லை. சுந்தரம்மாள் காத்துக்கொண்டிருந்தார். வெளியே லாரியின் பின்கதவு இறங்கும் சத்தம் கேட்டது.

"பதினஞ்சடிக் கயிறு இருக்குதுங்களா?"

கயிறு வந்தது. ஒரு முனையைச் சுந்தரம்மாள் தரையின் நடுவில் நின்று பிடித்துக்கொண்டார். மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையில் கோலமாவை எடுத்து, ஷோபனா பின்னோக்கி நடந்து வட்டம் போட்டாள். பாதி வட்டத்தில் முதல் மூட்டை உள்ளே வந்தது. சுமந்து வந்தவர் ராஜாக்கண்ணு. பத்து வருடமாக இந்தக் குடோனில் மூட்டை அடுக்குகிறவர்.

"இன்னாங்கம்மா, எதுனா பூஜையா?"

"ஆமா, பூஜைதான். கோட்டுக்கு வெளிய சுத்தி அடுக்கு. எடம் பத்தலன்னா ஒசரமா ஏத்து."

"ஒசரமா ஏத்தறது நீங்களா, நானா?"

"நீதான். இத்தினி வருசமா குள்ளமாவே அடுக்கிக்கினு இருந்த."

ராஜாக்கண்ணு முணுமுணுத்துக்கொண்டே தரையைப் பார்த்தார். குடோன் முழுவதும் காலி. எதிர்ச் சுவருக்குப் போக நேர்வழி நடுவில்தான் இருந்தது. அவர் தலைச்சுமையை ஒருமுறை சரிசெய்துகொண்டு, மாவு இன்னும் ஈரக்காற்றில் படியாத அந்தக் கோட்டின் ஓரமாகவே, அது வளைந்த பக்கமெல்லாம் தானும் வளைந்து, மெதுவாகச் சுற்றிப் போனார்.